சிகரெட்டை விட்ட எலிகள்

மார்ச் 4

தீயணைப்பு நிலைய அலுவலர் அவர்களுக்கு,

முதலில் ஒரு விளக்கம். சிகரெட்டை விடுகிறவரை உங்களோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே கடிதத்தைப் பார்த்ததும் 'இறங்கி வந்துவிட்டாள்' என்று மீசையைத் தடவ வேண்டாம். கோபத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர், பின்கதவுச் சாவியையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். அதை அனுப்பி வைக்கவும். எழுதக் காரணம் அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்துவிட்டதால் மற்றதையும் எழுதுகிறேன். நேற்று உங்கள் அக்கா வந்தார். நான் ஆய்வகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். உள்ளே நுழைந்தவர் மூக்கைச் சுருக்கினார். என் தோளை முகர்ந்தார், பிறகு தலைமுடியை. "ஏம்மா, அவன்தான் ஊர்ல இல்லையே, வீட்ல யாரு பிடிக்கிறா?" என்றார். யாரும் இல்லை, வேலை செய்கிற இடத்து வாடை என்றேன். "எலிதானே வளக்கறீங்க? எலி சிகரெட் பிடிக்குமா?" என்றார். நாங்கள் பிடிக்க வைக்கிறோம் என்றேன். அதற்குமேல் அவர் டீகூடக் குடிக்கவில்லை. உங்களுக்குப் போன் வந்திருக்கும்.

அவருக்குப் புரியாததில் ஆச்சரியமில்லை. எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த உங்களுக்கே புரியவில்லை. ஆகவே மறுபடி சொல்கிறேன், நடுவில் "சரி சரி" என்று நீங்கள் தலையாட்டித் தப்பிக்க முடியாதபடி எழுத்தில்.

எங்கள் சுண்டெலிகள் எல்லாவற்றுக்கும் முதலில் ஓர் ஊசி. அது நுரையீரலில் கட்டிக்கு விதை போடுவது மாதிரி. விதை போட்டால் மட்டும் செடி வந்துவிடாது, யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். சிகரெட் புகை அப்படித் தண்ணீர் ஊற்றுகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. பாதி எலிகள் புகைக் கூண்டில், பாதி எலிகள் சுத்தக் காற்றுக் கூண்டில். தீனி, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் ஒன்றே. சிகரெட்டை எலி வாயில் வைக்காது. ஓர் இயந்திரம் இருக்கிறது. அதன் வட்டத் தட்டில் சிகரெட்டைச் செருகிவிட்டால் அதுவே பற்றவைத்து, நிமிடத்துக்கு ஓர் இழுப்பு இழுத்து, கூண்டுக்குள் ஊதும். அதற்கு ஆய்வகத்தில் 'மாப்பிள்ளை' என்று பெயர். உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வர வேண்டும், நாள் முழுவதும் புகைக்க வேண்டும், சாம்பலை அடுத்தவர் தட்ட வேண்டும். பெயர் வைத்தது நான்தான். ஆனால் எங்கள் மாப்பிள்ளைக்குச் சனி ஞாயிறு விடுமுறை உண்டு. உங்களுக்கு அதுவும் கிடையாது.

பந்தயத்தை நினைவூட்டுகிறேன். பெட்டியோடு படி இறங்கும்போது நீங்கள் சொன்னது இது: "உன் எலிக்குக் கட்டி வரட்டும், அன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன். வரலேன்னா நீ வாயத் திறக்கக் கூடாது." பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி. புகை மே மாதக் கடைசி வரை. ஜூனில் இரண்டு கூட்டத்திலும் கொஞ்சம் எலிகளைத் திறந்து கட்டிகளை எண்ணுவோம். மீதி எலிகளை வெளியே எடுத்து நான்கு மாதம் சுத்தக் காற்றில் வைத்து மறுபடி எண்ணுவோம். எனக்கு ஜூனே போதும்.

காலையில் உங்கள் இருமல் இல்லாமல் வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பகலெல்லாம் எலியின் நுரையீரலைப் பார்க்கிறவள், விடிந்ததும் பக்கத்தில் ஒரு மனிதர் இருமுவதைக் கேட்டால் என்ன நினைப்பாள் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? சாவியை அனுப்பவும்.

இப்போதைக்கு உங்கள் மனைவி


மார்ச் 13

என் எலி ராணிக்கு,

சாவி இருக்கிறது. அனுப்ப மாட்டேன். அனுப்பிவிட்டால் நீ எழுத என்ன காரணம் இருக்கும்?

அக்கா போன் செய்தாள். "டேய், நீ போன துக்கத்துல அவளும் ஆரம்பிச்சிட்டாடா. முடியெல்லாம் வாடை" என்று ஒரே அழுகை. "இல்லக்கா, அவ பிடிக்கல. எலிக்குப் பத்தவச்சுக் குடுக்கறா" என்றேன். அழுகை சட்டென்று நின்றது. "உங்க ரெண்டு பேருக்கும் என்னமோ ஆயிடுச்சு" என்று வைத்துவிட்டாள்.

இங்கே எனக்கு நிலையத்தின் பின்னால் ஓர் அறை. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். பக்கவாட்டில் நுழைய வேண்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள், எனக்குக் கிடைத்துவிட்டது. உனக்குப் பொருத்தமான புருஷனாக ஆகிக்கொண்டு வருகிறேன்.

நீ நியாயத்தைக் கேள். நான் நெருப்புக்குள் போகிறவன். ஒரு மரக்கிடங்கு எரிந்தால் நான் ஒரே நாளில் பார்க்கிற புகையை உன் மாப்பிள்ளை ஒரு மாதம் ஊத மாட்டான். முகமூடி இருக்கிறதே என்பாய். இருக்கிறது. ஆனாலும் அவ்வளவு புகைக்கு நடுவில் இந்தச் சின்னச் சிகரெட் எந்த மூலைக்கு? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் ஒருத்தன். நீ எலியை நம்பிப் புருஷனைத் துரத்திவிட்டாய்.

வேலையிலும் நிம்மதி இல்லை. போன வாரம் ஒரு துணிக் கிடங்கில் தீ. ஒரே புகை மூட்டம், எதிரில் நிற்கிறவன் முகம் தெரியவில்லை. நானும் டிரைவரும் மற்றவர்களும் உயிரைக் கொடுத்து அணைத்தோம். புகை விலகியதும் முதலாளி உள்ளே வந்து பார்த்தார். கரிக் குவியலைப் பார்த்துவிட்டு என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க வர்றதுக்கு முன்னாடி கட்டடம் நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணி அடிச்சப்புறம்தான் எல்லாம் இப்படிக் கரியாக் கெடக்கு." மேலிடத்துக்குப் புகாரும் எழுதிவிட்டார். என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். இதற்கு என்னவென்று எழுதுவது சொல். டிரைவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

பந்தயம் பந்தயம்தான், மாற மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எலிக்கு ஊதுகிற புகை அந்த அறையில்தானே சுற்றும்? நீ முகமூடி போடுகிறாயா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போட்டுக்கொள்.

சாவிக்காரன்


ஜூன் 11

உங்களுக்கு,

எண்ணி முடித்துவிட்டோம்.

எப்படி எண்ணுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நுரையீரலும் ஒரு குடுவையில் இருக்கும். குடுவையின் மேல் ஓர் எண் மட்டும். எது புகை எலி, எது காற்று எலி என்று எண்ணுகிற எனக்குத் தெரியாது. அந்த விவரம் எங்கள் ஆய்வகத் தலைவியிடம் இருக்கும், எல்லாம் எண்ணி முடித்த பிறகுதான் சொல்வார். எண்ணுகிறவளின் ஆசை கண்ணில் புகுந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எனக்கு ஆசை இருந்தது. கட்டி அதிகமாக இருக்கும் குடுவையைக் கண்டால் 'இது புகையாக இருக்கட்டும்' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே எண்ணினேன்.

நேற்று விவரத்தைச் சொன்னார்கள். வித்தியாசம் இல்லை. சரியாகச் சொன்னால், புகை எலிகளுக்குக் கட்டி ஒரு துளி குறைவு. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்கள். நாங்கள் எலியையே கெல்லியும் ஒன்றும் பிடிக்கவில்லை.

பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

புகை எலிகள் எலும்பும் தோலுமாக இருக்கின்றன. அதனால் ஏதாவது மறைந்திருக்கலாம் என்று தலைவி நினைக்கிறார். "பொறுத்துப் பாப்போம், மீதி எலிங்க இருக்குல்ல" என்கிறார். அது அவருடைய பொறுமை. தோற்றவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது உங்கள் நிபந்தனை, திறக்கவில்லை. ஆனால் அந்தக் காலை இருமலை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். இதை நான் ஆய்வகத்திலிருந்து சொல்லவில்லை, உங்கள் மனைவியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

முகமூடி போடுகிறேன். கேட்டதற்கு நன்றி.


ஜூன் 17

தோற்றுப்போன ராணிக்கு,

வெற்றி! வெற்றி! உன் கடிதத்தை நிலையத்தில் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துப் படித்துக் காட்டினேன். 'ஒரு துளி குறைவு' என்ற இடத்தில் கைதட்டல். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இதுவரை சிகரெட்டைத் தொடாத போன் பார்க்கிற பெரியவர்கூட "அப்ப ஒண்ணு குடுங்க, கட்டி வராம இருக்கும்" என்றார்.

பொறுத்துப் பார்க்கலாமாம் உன் தலைவிக்கு! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எலிகளுக்கு என் அன்பைச் சொல். பயல்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். இருமலாவது ஒன்றாவது, அது காலையில் அலாரம் மாதிரி.

வெற்றி வீரன்


ஜூலை 5

அம்மா தாயே,

நீ பதில் போடவில்லை. போட மாட்டாய் என்று அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டு முடித்ததுமே தெரிந்துவிட்டது. கையை உள்ளே விட்டுத் திரும்ப எடுக்க முடியுமா என்றுகூடப் பார்த்தேன். தபால் பெட்டியின் வாய் சின்னது.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். டிரைவர் திடீரென்று, "அண்ணே, அண்ணி ஏன் உண்மையச் சொன்னாங்க?" என்றான். ஏன்டா என்றேன். "கட்டி வந்திருச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா நீங்க விட்டிருப்பீங்கல்ல? யாரு போய் எலியத் திறந்து பாக்கப் போறா?" என்றான். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தண்ணீர் என் செருப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் எத்தனை தடவை விட்டுவிட்டேன் என்று சொல்லி வாயில் புதினா மிட்டாயோடு உன் எதிரில் வந்து நின்றிருக்கிறேன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எனக்குச் சாதாரணம். உனக்கு ஒரே ஒரு பொய் போதும், நீ நினைத்தது நடந்திருக்கும். நீ சொல்லவில்லை. உனக்கு எதிரான கணக்கை உன் கையாலேயே எழுதி அனுப்பினாய். அதை நான் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன்.

அன்றைக்கே விட்டுவிட்டேன். எலி சொல்லி விடவில்லை, எலிதான் என் பக்கம் இருக்கிறதே. இப்படிப்பட்ட ஒருத்தி பயப்படுகிறாள் என்றால் காரணம் இருக்கும் என்று நினைத்து விட்டேன்.

முதல் மூன்று நாள் நிலையத்தில் யாரும் என் பக்கம் வரவில்லை. ஏணி கோணலாக இருக்கிறது என்று ஏணியைத் திட்டினேன். நான்காவது நாள் எல்லோரும் சேர்ந்து வந்து, "சார், ஒண்ணே ஒண்ணு பிடிச்சிடுங்க, நாங்க அண்ணிகிட்ட சொல்ல மாட்டோம்" என்று கும்பிட்டார்கள். பிடிக்கவில்லை. இப்போது போன் செய்தால் எடுப்பாயா?

உன் புருஷன்


ஜூலை 12

உங்களுக்கு,

எடுக்க மாட்டேன்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது ஆய்வகத்தில் எல்லோரும் பார்க்கும்படி அழுதுவிட்டேன், மாப்பிள்ளையின் புகை கண்ணில் பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். மாப்பிள்ளையை ஜூனிலேயே துணி போட்டு மூடி வைத்தாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் நம்புவதற்கு அவசரம் இல்லை. நீங்கள் இதற்கு முன்னால் விட்ட தடவைகள் எனக்கு நினைவிருக்கின்றன. புகையிலிருந்து வெளியே வந்த எலிகளுக்கு நான்கு மாதம் சுத்தக் காற்று கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் அதே நான்கு மாதம். எலிக்கு ஒரு நீதி, புருஷனுக்கு ஒரு நீதி என்று நான் இருக்க முடியாது. அதன் பிறகு போன் என்ன, நேரிலேயே பேசலாம்.

வெளியே வந்த எலிகள் சாப்பிட்டுத் தள்ளுகின்றன. இத்தனை நாள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தவை தீனித் தட்டைவிட்டு நகர மாட்டேன் என்கின்றன. ஒவ்வொரு வாரமும் எடை ஏறுகிறது. உங்கள் சட்டைப் பொத்தான்கள் எப்படி இருக்கின்றன? உண்மையை எழுதவும்.

உங்கள் மனைவி


ஜூலை 19

நடுப் பொத்தான் போய்விட்டது. மீதி தாக்குப் பிடிக்கின்றன.

நான்கு மாதமும் சம்மதம். ஏணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

கூண்டு எலி


அக்டோபர் 20

உனக்கு,

இந்தக் கடிதத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

அக்கா போன் செய்தாள். உன்னை வந்து பார்த்தாளாம். நீ முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாயாம். என்ன என்று கேட்டதற்குக் கணக்கு வந்துவிட்டது என்று சொன்னாயாம். "டேய், சிகரெட்டை விட்ட எலிங்களுக்குத்தான் கட்டி கட்டியா வந்திருக்காம். பிடிச்சிட்டிருந்த வரைக்கும் நல்லாத்தான்டா இருந்துச்சுங்க. நீ விட்டு எத்தன மாசம் ஆச்சு? அய்யோ, உடனே ஒண்ணு பிடிடா" என்றாள். சிகரெட் வாடைக்கே மயக்கம் போடுகிற என் அக்கா!

அவள் ஏதோ உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். ஜூனில் பிடித்துக்கொண்டிருந்த எலிகளுக்குக் கட்டி அதிகம் இல்லை, நீயே எழுதினாய். இப்போது விட்ட எலிகளுக்கு அதிகம். நானும் விட்ட எலிதானே? எடையும் ஏறிவிட்டது. இருமல்கூட நின்றுவிட்டது, இப்போது அது வேறு பயமாக இருக்கிறது.

கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன். மேசையில் இருக்கிறது. பிரிக்கவில்லை. நீ எழுதும்வரை பிரிக்க மாட்டேன். போன் செய்தால் எடுக்க மாட்டாய், உன் நான்கு மாதம் இன்னும் முடியவில்லை. டிரைவர் பாக்கெட்டுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காவல் காக்கிறான்.

எனக்கு ஒன்றுதான் தாங்கவில்லை. அன்றைக்கு உனக்கு எதிரான கணக்கை எழுதி அனுப்பியவள் நீ. இந்தத் தடவை ஏன் எழுதவில்லை? இதை ஏன் நான் அக்கா வாயால் கேட்க வேண்டியிருந்தது?

பற்றவைக்கட்டுமா வேண்டாமா, சொல்.


அக்டோபர் 23

என்னங்க,

வேண்டாம். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். வேண்டாம். பாக்கெட்டை டிரைவரிடம் கொடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். நான்கு தடவை எழுதினேன், நான்கு தடவையும் கிழித்தேன். உங்கள் கடிதம் வந்ததும் போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். பேசினால் அழுவேன். நான் அழுதால் அது என்னவோ பெரிதாக இருக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். எழுத்தில் அழாமல் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தடவையும் குடுவையில் எண் மட்டும்தான். ஆனால் ஜூனில் 'கட்டி அதிகம் இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டு எண்ணியவள், இப்போது 'இருக்க வேண்டாம், இருக்க வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே எண்ணினேன். ஜூலையிலிருந்து நீங்கள் வெளியே வந்த எலிகளின் பக்கம் போய்விட்டீர்களே. எட்டு வருடமாக நான் தேடிய விடை கையில் கிடைத்தது: வெளியே வந்த எலிகளுக்குத்தான் கட்டி அதிகம். தலைவி என் தோளைத் தட்டி "ஜெயிச்சிட்டோம்" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் அக்கா வந்தார்.

இப்போது நிதானமாகக் கேளுங்கள். வெளியே வந்த எலிகளை நாங்கள் யாரோடு ஒப்பிட்டோம்? ஒரு நாளும் புகை பார்க்காத எலிகளோடு. அவையும் இதே நான்கு மாதம் இதே காற்றைத்தான் சுவாசித்தன. குற்றம் காற்றில் இருந்தால், புகையை விட்டதில் இருந்தால், அவை மட்டும் எப்படித் தப்பின? இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் முன்னால் ஊதிய புகை மட்டும்தான். கூண்டுக்குள் இருந்தபோது அவை பயத்தில் சாப்பிடாமல் கிடந்தன. உடம்பே வளராதபோது கட்டி எங்கே வளரும்? வெளியே வந்து உடம்பு தேறியதும், புகை ஊட்டி வைத்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இது தலைவியின் ஊகம். ஊகம் என்றுதான் அவரும் சொல்கிறார்.

வெளியே எடுக்காமல் புகையிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். எங்களிடம் அப்படி எலி இல்லை, அதனால் எனக்குத் தெரியாது. ஆனால் மனிதர்கள் விஷயத்தில் எலியைக் கேட்க வேண்டியதே இல்லை. விட்டவர்களுக்கு வருடம் போகப் போக ஆபத்து குறைகிறது, விடாதவர்களுக்கு ஏறுகிறது. எந்த டாக்டரையும் கேளுங்கள்.

இன்னமும் புரியவில்லை என்றால் உங்கள் துணிக் கிடங்கு முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். புகை மூட்டத்தில் அவருக்குக் கட்டடம் நன்றாக இருந்தது. அணைத்து, புகை விலகிய பிறகு கரி தெரிந்தது. உடனே தண்ணீர்தான் எரித்தது என்று புகார் எழுதினார். உங்கள் அக்காவும் அதைத்தான் சொல்கிறார், தண்ணீரை நிறுத்திவிட்டு மறுபடி கொளுத்தச் சொல்கிறார். நீங்கள் பாக்கெட் வாங்கியதும் அதுதான். இத்தனை வருடம் தீயணைத்தவர் இந்தப் பேச்சில் ஏமாறலாமா?

இதற்கு மேல் உங்களைத் தேற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் ஜூனிலேயே பிழைத்திருப்பேன். உங்கள் நுரையீரலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. படம் எடுத்துப் பாருங்கள். எனக்கும் பயம்தான்.

உங்கள் மனைவி


அக்டோபர் 30

என் கண்ணே,

கடிதம் வந்தது. டிரைவர்தான் முதலில் பிரித்தான், எனக்குக் கை வரவில்லை. முதல் வரியைப் படித்ததும் "வேண்டாமாம்!" என்று கத்தினான். நிலையமே மூச்சு விட்டது. பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். வீர வசனம்கூடப் பேசினேன். பாதி போட்ட பிறகுதான், "அண்ணே, அது நம்ம குடிக்கிற தொட்டி" என்று சொன்னார்கள். நேற்று முழுவதும் தொட்டி கழுவினேன்.

கிடங்கு முதலாளியை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்த ஆளும் நானும் ஒரே வரிசையில் நிற்போம் என்று நினைக்கவில்லை. அக்காவுக்கும் போன் செய்து விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எலிய முதல்லயே புகையிலேர்ந்து வெளிய விட்டிருக்கலாம்ல, பாவம்" என்றாள். அவளும் ஒரு வழியாகச் சரியான இடத்துக்கு வந்துவிட்டாள் போல.

இப்போது வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். படம் எடுக்க மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் தடவை வாசல் வரை. இரண்டாவது தடவை வரிசை வரை. மூன்றாவது தடவை என் முறை வந்துவிட்டது, கூப்பிட்டார்கள், நான் எழுந்து என் பின்னால் நின்ற அம்மாவை "நீங்க போங்கம்மா" என்று அனுப்பிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கூரை எரிகிற வீட்டுக்குள் போயிருக்கிறேன், அப்போதெல்லாம் கால் தயங்கியதில்லை. இந்த அறைக்குள் போக வரவில்லை.

நான்கு மாதம் முடியவில்லை என்று தெரியும். ஒரு தடவை வருகிறாயா? கட்டில் சின்னது. நான் வெளியே பெஞ்சில் படுத்துக்கொள்கிறேன்.

உன்னுடையவன்


நவம்பர் 8, உங்கள் கட்டிலில் உட்கார்ந்து

என்னங்க,

சொல்லாமல் வந்துவிட்டேன். காலையில் பஸ் ஏறும்போது வேகமாக இருந்தேன், இங்கே வந்து இறங்கியதும் உங்கள் நிலையம் காலியாகக் கிடக்கிறது. போன் பார்க்கிற பெரியவர் மட்டும் இருந்தார். யார் என்று கேட்டார், சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். "எலி அம்மாவா?" என்றார். ஊரில் எனக்கு இந்தப் பெயரா வாங்கிக் கொடுத்தீர்கள்?

பெயின்ட் கிடங்கில் தீயாம், எல்லோரும் போயிருக்கிறீர்களாம். "சின்னத் தீதாம்மா, வந்துருவாங்க" என்றார். சொல்லிவிட்டு அவர் போன் பக்கத்திலிருந்து நகரவே இல்லை.

பக்கவாட்டில் நுழைந்து உள்ளே வந்தேன். நீங்கள் எழுதியதைவிட அறை சின்னது. ஜன்னலில் சாம்பல் தட்டும் கிண்ணத்தில் பொத்தான்கள் போட்டு வைத்திருக்கிறீர்கள். தலையணையை முகர்ந்து பார்த்தேன், உங்கள் அக்கா என்னை முகர்ந்த மாதிரியே. சோப்பு வாடை மட்டும்தான். மன்னித்துக்கொள்ளுங்கள், எண்ணிப் பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லை.

வரும் வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி நாளைக் காலைக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். நானும் அறை வாசல்வரை வருவேன். பின்னால் எந்த அம்மா நின்றாலும் நீங்கள்தான் உள்ளே போக வேண்டும். நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கொள்வோம். பிறகு இந்த வளையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். நான்கு மாதம் என்று வைத்தது நான்தான், அதை எடுப்பதும் நான்தான். இதைத் தலைவியிடம் சொல்ல வேண்டாம்.

எழுத ஆரம்பித்து நேரமாகிறது. நீங்கள் வரவில்லை. பெரியவர் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுகிறார். எட்டு வருடம் நான் சிகரெட்டுக்கு மட்டும்தான் பயந்தேன். நீங்கள் தீக்குள் போகிற நேரம் எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை, வந்து குளித்துவிட்டுச் சாப்பிடும்போது கதையாகச் சொல்வீர்கள், நானும் எலிக் கதை சொல்வேன். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. எண்ணிப் பார்க்கவும் இங்கே எதுவும் இல்லை. எனக்கு நீங்கள் வேண்டும், அவ்வளவுதான்.

வண்டிச் சத்தம். ஜன்னலில் தெரிகிறது. முதலில் யாரோ ஒரு பையன் குதிக்கிறான், முகத்தில் கரி. அடுத்தது ஏணியைப் பிடித்தபடி ஒருவர், நீங்கள் இல்லை. மூன்றாவதாக இறங்குவது நீங்கள். இரண்டு காலும் இருக்கிறது, இரண்டு கையும் இருக்கிறது, டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறீர்கள். தலையிலிருந்து கால்வரை புகை வாடை, நான் நிற்கிற இடத்துக்கே அடிக்கிறது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாடை எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியே வருகிறேன்.